காசுப் பாட்டின் நடுவில் ஜப்தி: ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ படத்தில் யார் யாருக்குக் கடன்?

ஒரு பாட்டைப் பாதியில் வெட்டி வைத்துக்கொண்டால் அதன் அர்த்தமே தலைகீழாகிவிடும் என்பதற்கு ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ என்கிற ஹாலிவுட் இசைப்படத்தின் முதல் பாட்டு நல்ல உதாரணம். ஜிஞ்சர் ரோஜர்ஸ் பாடுகிறார். உடுப்பு முழுக்கக் காசு. பின்னால் வரிசையாகப் பெண்கள், அவர்கள் மேலும் காசு, கையில் பிடித்திருப்பதும் காசு, மேடையில் பின்னணியாக நிற்பதும் ராட்சசக் காசுகள்தான். பணம் வந்தாச்சு, பொருளாதார மந்தக்காலமே நீ ஒழிந்தாய், இனி வீட்டுக்காரரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் பாட்டின் சேதி. விளம்பரங்களிலும், யாருக்காவது திடீரென்று பணம் கொட்டுகிற காட்சிகளிலும் இன்றுவரை இந்த மெட்டைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

அப்புறம் ஒரு சரணத்தை ரோஜர்ஸ் ‘பிக் லத்தீன்’ என்கிற சிறுபிள்ளை மொழியில் பாடுவார். சொல்லின் முதல் மெய்யொலியைப் பிடுங்கிக் கடைசியில் ஒட்டிப் பேசுவது, நம் ஊர்ப் பிள்ளைகளின் ‘க’ பாஷை மாதிரி. கேமரா அவர் முகத்துக்கு அவ்வளவு கிட்டே போகும், ஒரு கட்டத்தில் திரையில் கண்ணும் பல்லும் தவிர வேறெதுவும் இருக்காது. சிரிப்பு கொஞ்சம் பயமுறுத்தும். சந்தோஷப் பாட்டுக்கு இவ்வளவு நெருக்கம் எதற்கு என்று யோசிப்பதற்குள் ஷெரிப்பின் ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஏனென்றால் இது படத்துக்குள் போடுகிற ஒரு நாடகத்தின் ஒத்திகை. தயாரிப்பாளர் வாங்கின கடனைக் கட்டவில்லை, ஜப்தி செய்ய ஆள் வந்திருக்கிறது. வந்தவர்கள் மேடைச் சாமான்களைத் தூக்குகிறார்கள், பெண்கள் மேல் மாட்டியிருக்கிற காசுகளைக் கழற்றுகிறார்கள். நாடகம் மேடையேறாமலே முடிந்துவிட்டது. இணையத்தில் சுற்றுகிற துணுக்குகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் இது வசதியானவர்களின் பாட்டாக நினைவில் நின்றுவிட்டது. படத்தில் அதைப் பாடுகிறவர்கள் அடுத்த காட்சியில் பக்கத்து வீட்டுப் பால் பாட்டிலைத் திருடுகிறார்கள்.

மேலே இருந்து பார்த்தால் பூ மாதிரி விரிகிற பெண்கள் கூட்டம் என்றுதான் இந்தப் படத்துக்குப் பொதுவாக ஒரு பெயர். அது உண்மைதான், ஆனால் இதை ஓர் உழைப்பாளர் படமாகப் பார்த்தால்தான் பல விஷயங்கள் பிடிபடும் என்பது என் கட்சி. யார் வேலை செய்தார்கள், யார் சம்பளம் கொடுக்கவில்லை, யார் கணக்குத் தீர்க்கவேண்டும் என்கிற கேள்விகள்தான் முதல் காட்சியிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஓடுகின்றன.

முதலில் அந்த ஒத்திகை. வாரக்கணக்கில் ஆடிப் பழகியவர்களுக்கு நாடகம் நின்றுபோனால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. நியூயார்க்கின் பிராட்வே மேடைகளில் ஒத்திகைக் காலத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் பல காலம் ஓடியிருக்கிறது. திரை விலகி, டிக்கெட் விற்று, முதல் வாரம் முடிந்தால்தான் காசு. பின்னால் கூட்டமாக ஆடிப்பாடுகிற கோரஸ் பெண்கள் நிலைமை அதைவிட மோசம், காலுறையையும் ஷூவையும் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளவேண்டிய வழக்கம் பல இடங்களில் இருந்தது. நாடகம் ஊர் ஊராகப் போகும்போது பாதியில் படுத்துவிட்டால் திரும்பி வர ரயில் செலவுகூட நிச்சயம் கிடையாது.

1919 ஆகஸ்டில் இதற்காகத்தான் பிராட்வே வேலைநிறுத்தம் நடந்தது. நடிகர்கள் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி ஆகஸ்ட் 7ஆம் தேதி ஆரம்பித்தது, செப்டம்பர் 6 வரை 30 நாள். நட்சத்திரங்கள் மட்டும் வெளியே வந்தால் முதலாளிகள் வேறு ஆளைப் போட்டு ஓட்டிவிடலாம், கோரஸும் சேர்ந்து வந்தால் ஓட்டமுடியாது. அந்த ஆகஸ்டிலேயே கோரஸ் ஈக்விட்டி என்று தனிச் சங்கம் தொடங்கினார்கள், முதல் தலைவர் மேரி டிரெஸ்லர், தானும் ஒரு காலத்தில் கோரஸில் நின்றவர். அழகிகள் அணிவகுப்புக்கே பெயர்போன சீக்ஃபெல்டின் ஃபாலிஸ் நிகழ்ச்சியும் அந்த மாதம் மூடப்பட்டது. வேலைநிறுத்தம் ஜெயித்தது. ஆனாலும் ஒத்திகைக்குச் சம்பளம் வரவில்லை. எத்தனை வாரம் வரை சும்மா வேலை வாங்கலாம் என்று ஒரு வரம்பு வந்தது, அவ்வளவுதான். ஒத்திகைக்குக் காசு என்பது 1930களின் நடுவில்தான் நடந்தது.

இப்போது ஒரு தேதியைப் பாருங்கள். ஏவரி ஹாப்வுட் எழுதி, டேவிட் பெலாஸ்கோ தயாரித்த ‘தி கோல்ட் டிக்கர்ஸ்’ நாடகம் பிராட்வேயில் மேடையேறியது 1919 செப்டம்பர் 30. வேலைநிறுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெலாஸ்கோ அந்தச் சண்டையில் முதலாளிகள் பக்கம் நின்றவர். பணக்காரர்களைப் பார்த்துப் பிடித்துக் காசு கறக்கிற கோரஸ் பெண்கள், அதாவது ‘கோல்ட் டிக்கர்’கள், பற்றிய சிரிப்பு நாடகம் இது, ஒரு பணக்காரர் தன் உடன்பிறந்தாரின் மகனை அப்படி ஒருத்தியிடமிருந்து காப்பாற்றக் கிளம்புவது கதை. சங்கம் வைத்துச் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்ற பெண்களைப் பற்றி ஊருக்குக் கிடைத்த அடுத்த பொழுதுபோக்கு, அவர்கள் ஆண்களின் பையைத் துழாவுகிறார்கள் என்பதாக இருந்தது. இது திட்டமிட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஹாப்வுட் கெட்டிக்காரத்தனமான வேடிக்கை நாடகங்கள் எழுதிப் பணம் சம்பாதித்தவர், அவருக்கு அது இன்னொரு நாடகம். ஆனால் அந்தப் பொருத்தம் உறுத்துகிறது. நாடகம் 1921 வரை ஓடியது.

பெயர் அதன்பின் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. 1923இல் மௌனப்படமாக வந்தது. 1929இல் வார்னர் பிரதர்ஸ் அதையே பேசும் படமாக, வண்ணத்தில், ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே’ என்று எடுத்தார்கள், பெரிய வெற்றி. அந்தப் படம் இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த வெற்றியைப் பார்த்து எல்லா ஸ்டுடியோவும் பாட்டுப் படமாக எடுத்துத் தள்ளின, ஒரே வருஷத்தில் ஜனங்களுக்குத் திகட்டிவிட்டது. எடுத்து முடித்த படங்களில் பாட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு வெளியிட்ட கூத்தெல்லாம் 1930, 31இல் நடந்திருக்கிறது. இசைப்படம் செத்துவிட்டது என்றே ஹாலிவுட் முடிவு கட்டிவிட்டது.

1933 மார்ச்சில் வந்த ‘42வது தெரு’ அதை மாற்றியது. லாயிட் பேகன் இயக்கம், நடனக் காட்சிகள் பஸ்பி பெர்க்லி. ரூபி கீலர், டிக் பவல், ஜிஞ்சர் ரோஜர்ஸ் மூவருமே அதில் உண்டு. வார்னர் ஸ்டுடியோவில் படத்தயாரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த டேரில் ஜானக்தான் இதற்குப் பின்னால் நின்றவர். அதன் வெற்றிச் சூடு ஆறுவதற்குள் அதே ஆட்களில் பாதிப் பேரை வைத்து, அதே பாட்டுக்காரர்களான ஹாரி வாரனும் அல் டூபினும் எழுதிக்கொடுக்க, மெர்வின் லெராய் இயக்கத்தில் அடுத்த படம் தயாரானது. மே மாதக் கடைசியில் வெளியானது. இன்றைக்கு யாராவது இவ்வளவு வேகமாகப் படம் எடுத்தால் அவசர அவசரமாக எடுத்தது தெரிகிறது என்போம். இதில் அது தெரியவில்லை, நடுவில் சில காட்சிகளைத் தவிர.

படப்பிடிப்பு நடந்த வாரங்களில் வெளியே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் படம் வேறு மாதிரி தெரியும். அமெரிக்காவில் வேலைக்குப் போகக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. பிராட்வே காலியாகிக்கொண்டிருந்தது. கோரஸ் பெண்களை ஒரு பிராண்டாகவே மாற்றிய ஃபுளோரன்ஸ் சீக்ஃபெல்ட் 1932 ஜூலையில் கடனோடு செத்துப்போனார். ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4ஆம் தேதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார், 6ஆம் தேதி நாட்டின் எல்லா வங்கிகளையும் தற்காலிகமாக மூடச் சொன்னார். சினிமா டிக்கெட் வாங்கக்கூட ஜனங்களிடம் ரொக்கம் இல்லை. ஸ்டுடியோ முதலாளிகள் கூடிப் பேசி, அதிகம் வாங்குபவர்களுக்கு எட்டு வாரம் பாதிச் சம்பளம்தான் என்று அறிவித்தார்கள். அந்தக் கெடு முடிகிற நேரத்தில் முழுச் சம்பளத்தைத் திரும்பத் தருவதில் வார்னர் இழுத்தடித்தது, நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஜானக் சண்டை போட்டு ஏப்ரலில் வேலையை விட்டே போய்விட்டார். காசு கேட்டு நடிகைகள் பாடுகிற படத்தை எடுத்த இடத்தில் நடந்த கதை இது. அந்தப் பாதிச் சம்பளக் கோபத்திலிருந்துதான் அதே கோடையில் திரைநடிகர்கள் சங்கமும் பிறந்தது.

இன்னொரு வேடிக்கை. ஏப்ரல் 5ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டார்: மே 1ஆம் தேதிக்குள் தங்கக் காசும் தங்கக் கட்டியும் வைத்திருப்பவர்கள் வங்கியில் கொடுத்துவிடவேண்டும், பதுக்கினால் குற்றம். தங்கம் தோண்டுகிறவர்கள் என்ற தலைப்போடு படம் திரைக்கு வந்தபோது நிஜமாகவே தங்கம் சேர்ப்பது சட்டவிரோதம்.

சரி, கதை. ஒரே அறையில் மூன்று பெண்கள். கேரலாக ஜோன் பிளாண்டல், டிரிக்ஸியாக அலைன் மக்மேஹன், பாலியாக ரூபி கீலர். வேலை இல்லை, வாடகை பாக்கி, காலையில் அலாரம் அடித்தும் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஃபே என்கிற தோழி, அதுதான் ரோஜர்ஸ், சேதி கொண்டுவருகிறாள்: தயாரிப்பாளர் பார்னி மறுபடி நாடகம் போடப்போகிறானாம். பார்னியைப் பார்க்கப் போக எல்லோருக்கும் நல்ல உடுப்பு கிடையாது, இருப்பதில் நல்லதை ஒருத்திக்கு மாட்டி அனுப்புகிறார்கள். பார்னி வந்து கதை சொல்கிறான், எல்லாம் தயார், பணம் மட்டும்தான் இல்லை. எதிர் ஜன்னலில் பியானோ வாசிக்கிற பையன், அதுதான் டிக் பவல், 15,000 டாலர் நான் தருகிறேன் என்கிறான். சிரிக்கிறார்கள். மறுநாள் ரொக்கமாகக் கொண்டுவந்து வைக்கிறான். இவன் வங்கியில் கொள்ளை அடித்தவனாக இருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வருவது, மார்ச் 1933இல் கையில் ரொக்கம் வைத்திருந்த யார்மேலும் வந்திருக்கக்கூடிய சந்தேகம்தான்.

அவன் பாஸ்டன் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணனும் வக்கீலும் தம்பியை நடிகைகளிடமிருந்து காப்பாற்றக் கிளம்பி வருகிறார்கள், 1919 நாடகத்தின் மிச்சம் இங்கேதான் இருக்கிறது. அண்ணனாக வாரன் வில்லியம், வக்கீலாக கை கிப்பி. அண்ணன் ஆள் மாறி கேரலைத் தம்பியின் காதலி என்று நினைத்து, நடிகை என்றாலே மலிவான, கீழ்த்தரமான பிறவி என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அந்த வார்த்தையை மட்டும் கேரல் விடவே மாட்டாள், அப்புறம் அவன் காதலோடு நெருங்குகிற நேரத்தில் எல்லாம் அதையே திருப்பித் திருப்பிக் கொடுப்பாள். குடித்துவிட்டு விழுந்தவனை அவள் படுக்கையில் கிடத்திவைத்து, காலையில் தப்பு நடந்ததாக நம்பவைத்து, அவனிடமிருந்து 10,000 டாலருக்குக் காசோலை வாங்கிவிடுகிறார்கள். அதை அவள் மாற்றவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைக்கிறாள்.

இந்தக் காசோலைக் காட்சிதான் 1919க்கும் 1933க்கும் உள்ள தூரம். பணத்துக்காக ஆணைப் பிடிக்கிறவள் என்ற பட்டத்தை நீங்கள்தானே கொடுத்தீர்கள், இந்தாருங்கள், அதற்கு விலைச்சீட்டையும் மாட்டிவைத்திருக்கிறேன் என்கிற மாதிரி. டிரிக்ஸிக்கு இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. அவள் வக்கீலைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிடுகிறாள், மறைக்கவும் மாட்டாள். இடுக்கியால் பக்கத்து ஜன்னலிலிருந்து பால் பாட்டில் தூக்கின அதே கை. பசித்தவள் யாரிடமிருந்து எடுத்தாலும் அது திருட்டில்லை என்று நம்புகிறவள் அவள், படமும் அவளைத் திட்டுவதில்லை. என்னைக் கேட்டால் படத்தின் நிஜக் கதாநாயகி மக்மேஹன்தான். டிக் பவலின் சிரிப்பு எனக்கு இரண்டு ரீலுக்கு மேல் தாங்காது, கீலர் கீழே பார்த்துக்கொண்டே தட்டி ஆடுவதில் ஒரு அப்பாவித்தனம் இருக்கிறது, அவ்வளவே. நடுப்பகுதியில் ஆள்மாறாட்டம் கொஞ்சம் நீளம், அங்கே எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

இனி பெர்க்லி. 1895இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், நாட்டியம் முறையாகக் கற்றவரே இல்லை. முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் அதிகாரி, ஃபிரான்ஸில் சிப்பாய்களுக்கு அணிவகுப்பு வகுத்துக்கொடுத்திருக்கிறார். பிறகு பிராட்வேயில் நடன இயக்குநர், 1930இல் சாமுவேல் கோல்ட்வின் படம் ஒன்றுக்காக ஹாலிவுட் வந்தார். அங்கே அப்போதைய வழக்கம், மேடை நாடகத்தைப் படம் பிடிப்பது போல நாலைந்து கேமராவை நாலு பக்கமும் வைத்து ஒரே மூச்சில் எடுத்து, அப்புறம் வெட்டி ஒட்டுவது. பெர்க்லி ஒரே கேமரா போதும் என்றார். எந்த நொடிக்கு எந்தக் கோணம் என்று முன்பே மனதில் முடிவு செய்து, அதை மட்டும் எடுப்பார். பாட்டை முன்பே பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு ஆடவைத்ததால் கேமரா மைக்கைப் பற்றிக் கவலைப்படாமல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிரேனில் ஏறும், ஸ்டுடியோ கூரை வரை போகும், ஆடுகிறவர்களின் காலுக்கு நடுவில்கூடப் போகும்.

இதற்குள் ஒரு பொய்யும் இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட பொய். தெருவில் நடந்துபோகிற ஒருவன் திடீரென்று பாடினால் ரசிகர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்துதான் பாட்டையெல்லாம் கதைக்குள் நடக்கிற நாடக மேடையில் வைத்தார்கள். திரை விலகும், முன்வரிசை ரசிகர்கள் தெரிவார்கள். ஆனால் அப்புறம் வருகிற எதுவும் எந்த நாடகக் கொட்டகைக்குள்ளும் அடங்காது. மேலே இருந்து பார்க்கிற கோணத்தில் எந்த ரசிகனும் உட்கார்ந்திருக்கமுடியாது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்கும், அவர்கள் எதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள் என்று கேட்கக்கூடாது.

‘நிழல் வால்ட்ஸ்’ பாட்டில் பெண்கள் வெள்ளையில் அகலப் பாவாடை கட்டி, வயலின் வாசித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிற மேடைகளில் சுற்றுவார்கள். விளக்கு அணையும், வயலின்கள் மட்டும் இருட்டில் எரியும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நியான் குழாய், உடுப்புக்குள் மின்கம்பி. கடைசியில் எல்லாம் கூடி ஒரே ராட்சச வயலின் ஆகும், வில்லும் உண்டு. இதை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மார்ச் 10ஆம் தேதி சாயங்காலம் லாங் பீச் நிலநடுக்கம் வந்தது, தெற்குக் கலிபோர்னியாவில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற நிலநடுக்கம். ஸ்டுடியோவில் மின்சாரம் போனது, சில வயலின்களில் ஷார்ட் சர்க்யூட் ஆனது, பெர்க்லி கிரேனிலிருந்து விழப்பார்த்து ஒரு கையில் தொங்கினார். உயரமான மேடைகளில் கும்மிருட்டில் நின்ற பெண்களைப் பார்த்து, யாரும் நகராதே, அப்படியே உட்கார் என்று கத்தினாராம். கதவைத் திறந்து வெளிச்சம் விடுகிற வரை அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அந்தப் பாட்டைப் பார்க்கும்போது அவர்கள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது, ஒரே மாதிரி பொன்னிறத் தலை, ஒரே மாதிரி பாவாடை. உடம்பில் மின்கம்பி சுற்றிக்கொண்டு பல அடி உயரத்தில் நிற்பது வேலை என்று அந்த நிலநடுக்கக் கதை ஒன்றுதான் ஞாபகப்படுத்துகிறது.

இந்த இடத்தில் படம் தன்னோடு தானே சண்டை போடுகிறது. லெராய் எடுத்த பேச்சுக் காட்சிகளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வாய், தனிப் பசி, தனிக் கணக்கு. பெர்க்லியின் பகுதிக்கு வந்ததும் அவர்கள் இதழ்கள், சக்கரப் பற்கள், வயலின் நரம்புகள். அவரே முகங்களை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் காட்டுகிற பழக்கத்தையும் கொண்டுவந்தவர்தான், ஆனால் அந்த முகங்கள் வருகிற வேகத்தில் ஒன்று இன்னொன்றை அழித்துவிடும். பிடிக்காதவர்கள் இதை ராணுவ அணிவகுப்பு என்றார்கள், அவர் பழைய வேலையை நினைத்தால் அது வசவு இல்லை, வரலாறு.

‘பூங்காவில் கொஞ்சல்’ பாட்டு இன்னும் துணிச்சல். மழை வருகிறது, நனைந்த பெண்கள் திரைக்குப் பின்னால் ஓடி உடை மாற்றுகிறார்கள், நிழல் மட்டும் தெரிகிறது, குழந்தை வேஷத்தில் சுற்றுகிற பில்லி பார்ட்டி திரையைத் தூக்கப் பார்க்கிறான். வெளியே வரும்போது அவர்கள் மேல் தகர உடுப்பு. அந்தக் குழந்தை டிக் பவல் கையில் தகர டப்பா திறக்கிற கருவியைக் கொடுப்பான். ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் 1930லேயே எழுதப்பட்டுவிட்டன, ஆனால் 1934 ஜூலை வரை அதைக் கண்டிப்பாக அமல்படுத்த ஆளில்லை. மாநிலத்துக்கு மாநிலம் தனித் தணிக்கை வாரியங்கள் இருந்தன, அவற்றுக்கு ஏற்றபடி சில இடங்களில் வேறு வேறு காட்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு படத்தை அனுப்பினார்கள்.

முதலில் இந்தத் தகரப் பாட்டைத்தான் கடைசியில் வைப்பதாக இருந்தது. ‘மறக்கப்பட்ட மனிதன்’ பாட்டை எடுத்து முடித்ததும் ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னரும் ஜானக்கும் அதைப் பார்த்து அசந்துபோய், இதுதான் முடிவு என்று மாற்றினார்கள். நல்ல முடிவு, ஆனால் அதனால் படம் ஒரு வினோதமான வடிவத்துக்கு வந்துவிட்டது. மூன்று ஜோடியும் சேர்ந்தாகிவிட்டது, சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் திரை விலகி, விளக்குக்கம்பத்தடியில் ஜோன் பிளாண்டல் நிற்கிறார்.

இந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கடன் நிஜக் கடன். முதல் உலகப்போரில் சண்டை போட்டவர்களுக்கு ஊக்கத்தொகை என்று 1924இல் அரசு ஒரு பத்திரம் கொடுத்தது, பணம் 1945இல்தான் கைக்கு வரும். மந்தக்காலத்தில் வேலை போனவர்கள், இப்போதே கொடுங்கள் என்று 1932 கோடையில் வாஷிங்டனுக்கு நடந்தும் சரக்கு ரயிலில் தொத்தியும் வந்தார்கள். குடும்பங்களோடு ஆயிரக்கணக்கில் குடிசை போட்டுத் தங்கினார்கள். ஜூலை 28ஆம் தேதி ஜெனரல் மெக்ஆர்தர் தலைமையில் ராணுவம் கண்ணீர்ப்புகை போட்டு அவர்களை விரட்டியது, குடிசைகள் எரிந்தன. அந்த வருஷம் ஏப்ரலில்தான் ரூஸ்வெல்ட், பொருளாதாரப் பிரமிடின் அடியில் கிடக்கிற மறக்கப்பட்ட மனிதனைப் பற்றி வானொலியில் பேசியிருந்தார். வார்னர் சகோதரர்கள் அவர் ஆதரவாளர்கள். தலைப்பு அங்கிருந்து வந்தது, காட்சிகள் வாஷிங்டனிலிருந்து வந்தன.

பிளாண்டல் தெருவில் துண்டு சிகரெட் தேடுகிற ஒருவனுக்குத் தன் சிகரெட்டைக் கொடுக்கிறார், பாடவில்லை, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏதோ சொல்கிறார். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினீர்கள், ஆரவாரம் செய்தீர்கள், இன்று அவனைப் பாருங்கள். மேலே ஒரு ஜன்னலில் கறுப்பினப் பாடகி எட்டா மோட்டன், அவர்தான் பாட்டை நிஜமாகப் பாடுகிறவர். கீழே ஒரு வாசற்படியில் தூங்குகிறவனைப் போலீஸ்காரர் எழுப்பி இழுக்கிறார். பிளாண்டல் தடுத்து, அவன் கோட்டின் மடிப்பைத் திருப்பிக் காட்டுகிறார், உள்பக்கம் பதக்கம். போலீஸ்காரர் விட்டுவிடுகிறார். அவ்வளவு சின்ன அசைவு, பெர்க்லி எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த ஐந்து நொடி அது. பிறகு கேமரா விலகி, போருக்குக் கிளம்புகிறவர்கள், பூவும் கொடியும், அதே ஆட்கள் மழையில், கட்டுப்போட்டுத் திரும்புகிறவர்கள், கடைசியில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவர்கள். அணிவகுப்பு வகுத்துக்கொடுத்த பழைய அதிகாரிக்கு இந்த மூன்று வரிசையும் ஒரே வரிசை என்று தெரிந்திருக்கிறது. பிரம்மாண்டமான வளைவுகளில் சிப்பாய்கள் நிழலாக நடக்க, முன்னால் வேலையில்லாதவர்கள் வருகிறார்கள், நடுவில் பிளாண்டல் கையைத் தூக்குகிறார். படம் முடிந்தது. மேடைக்குப் பின்னால் திரும்பவே இல்லை.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பாட்டின் வாதம், அவனை மறந்தீர்கள், அதனால் என்னையும் மறந்தீர்கள் என்பது. ஒன்றரை மணி நேரம் தங்கள் வயிற்றுக்குத் தாங்களே வழி தேடின பெண்களைக் காட்டிவிட்டு, கடைசியில் பெண்ணின் கஷ்டம் ஆணைத் தொலைத்ததுதான் என்று சொல்வது ஒரு படி இறக்கம். ஆனால் முதல் காட்சியில் உடுப்பைக் கழற்றிக்கொண்டு போன அதே கணக்குத்தான் இங்கேயும். வேலை வாங்கினீர்கள், கூலி எங்கே?

படத்துக்கு ஸ்டுடியோ கணக்கில் ஆன செலவு சுமார் 4,33,000 டாலர், வசூல் அதைப்போல் பல மடங்கு. அடுத்து 1935, 1937 என்று வருஷத்தைப் போட்டு வரிசையாக வந்தன, 1935 படத்தை பெர்க்லியே இயக்கினார், அதில் ஒரு பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்குள் தணிக்கை இறுகிவிட்டது, டிரிக்ஸி மாதிரி ஒருத்தி வாய்திறக்க இடமில்லை. போர்வீரர்களுக்கு ரூஸ்வெல்ட்டும் பணம் கொடுக்க மறுத்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை, 1936இல் அவர் மறுப்பை மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் கொடுத்தது.

எட்டா மோட்டனுக்குப் படத்தில் பெயர் போடவில்லை. 1934 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாளுக்கு வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு அதே பாட்டைப் பாடவைத்தார்கள். அவர் பிறகு பிராட்வேயில் ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகத்தில் பெஸ்ஸாகப் பாடினார். 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ படத்தைப் பாதுகாக்கவேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தபோது அவர் உயிரோடிருந்தார். 2004 ஜனவரி 2ஆம் தேதி காலமானார், வயது 102.